மரியெத்தா வருகிற சனிக்கிழமைகள்

விதின்
24 மார்ச் 1996

அசேன்,

நம் ராலியின் ஆறாம் மாத அஞ்சலித் தாள்களைப் புதன்கிழமையே ஒட்டிவிட்டேன். கட்டடத்தின் பெரிய கதவில் ஒன்று, நம் வீட்டுக் கதவில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று. முன்பல் விழுந்த அந்தப் படத்தைத்தான் போட்டேன். அச்சகக்காரர் மையைக் கூட்டிவிட்டார். இருந்தாலும் அவள் சிரிப்பது தெரிகிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம். நேற்று கல்லறைக்குப் போய்வந்த பிறகு, அவித்த கோதுமையில் மீந்ததை அக்கம்பக்கத்தாருக்காகக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. திறந்தால் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஐம்பது வயதிருக்கும், கழுத்துவரை பொத்தான் போட்ட பழுப்பு மேல்கோட்டு. மற்றவள் இளையவள். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. பெரியவள் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஈரமான, சூடான கை.

"நெவேனா சகோதரி, குழந்தை ராலித்சாவை நெனச்சா எங்க மனசு ஆற மாட்டேங்குது."

ராலியின் பள்ளியில் யாரோ ஆசிரியை என்று நினைத்து உள்ளே கூப்பிட்டுவிட்டேன். என் அம்மா வளர்த்த வளர்ப்பு, செர்ரிப் பாகும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். பாகைக் கரண்டியோடு சேர்த்து வழித்துச் சாப்பிட்டாள். பெயர் மரியெத்தா என்றாள். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து புத்தகங்கள் வெளியே வந்தன. வீடு வீடாகப் போகிற அந்தச் சபைக்காரர்கள். நம் பெயர்கள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல், "கீழே கதவுல ஒட்டியிருக்கே" என்றாள். புரிகிறதா உனக்கு? ஊரெல்லாம் நடந்து, எந்தக் கதவில் புதிதாகத் தாள் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து மணியடிக்கிறார்கள்.

சரி, வந்தது வந்தார்கள், குழந்தையின் ஞாபகத்துக்கு ஒரு வாய் சாப்பிடட்டும் என்று கோதுமைக் கிண்ணத்தை நீட்டினேன். மரியெத்தா அதை விரல்நுனியால் நகர்த்தி வைத்தாள்.

"நாங்க இதைத் தொடறதில்ல சகோதரி. செத்தவங்களுக்குப் படைக்கிறது ஆண்டவருக்குப் பிடிக்காது."

"படைக்கலீங்க. அவளை நெனச்சுக் குடுக்கறோம், அவ்வளவுதான்."

"எல்லாம் ஒண்ணுதான்."

என் பாகு ஒட்டிய அதே வாயால் சொன்னாள். நான் எழுந்து, "எனக்கு இப்போ யார்கூடவும் உக்காந்து பேசற மனசு இல்லைங்க. வந்ததுக்கு நன்றி. இனிமே சிரமப்படாதீங்க" என்றேன். "சிரமமே இல்ல, அடுத்த சனிக்கிழமையும் இந்தத் தெருதான்" என்றாள். போகும்போது கதவில் ராலியின் படத்தை ஒரு விரலால் தடவிவிட்டுப் போனாள். நான் ஈரத்துணி எடுத்துவந்து துடைத்தேன். துடைத்ததில் தாளின் ஓரம் கிழிந்துவிட்டது.

ஒரு புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். அட்டையில் ஒரு தோட்டம். செத்தவர்களெல்லாம் தலைவாரிப் பல்விளக்கி வந்து நிற்கிறார்கள், ஒரு சின்னப் பெண் சிங்கத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். குப்பையில் போட்டேன்.

ஈஸ்டருக்கு வருகிறாயா? முட்டைக்குச் சாயம் போடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நெவேனா

*

நௌசா
6 ஏப்ரல்

அன்புள்ள நெவேனா,

உன் கடிதத்தைப் பஸ்காரர் எல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது.

ஈஸ்டருக்கு வர முடியாது. பீச் மரங்களில் பிஞ்சு கலைக்கிற வேலை தொடங்கப்போகிறது. ஒரு கொம்பில் நாலைந்து பிஞ்சு பிடித்தால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட வேண்டும். இந்த நேரத்தில் ஊருக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் கேட்டால் திரும்பி வர இடம் இருக்காது.

முட்டைக்குச் சாயம் போடு. ஒன்றாவது போடு.

அந்தப் பெண்கள் விஷயம். எனக்கு உன்னைப் போல அழகாக எழுத வராது. ஆனால் அவர்களும் மனிதர்கள்தானே. மழையில் நடந்து வருகிறார்கள். திட்டு வாங்குகிறார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. பத்து நிமிஷம் காது கொடுத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்? நீ யாரோடும் பேசுவதில்லை. உன் அக்கா வந்தாலும் தூங்குவது போலப் படுத்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். அது நல்லதில்லை.

கோதுமை சாப்பிடாதது தப்புதான். அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே.

நான் குடிப்பதை விட்டுவிட்டேன். நீ நம்ப மாட்டாய். அறையில் மற்றவர்கள் சாயங்காலமானால் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள். நான் வெளியே போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சில பேரோடு சேர்ந்து சூப் சாப்பிடுகிறேன். நம் ஊர்க்காரர்கள்தான். நல்லவர்கள்.

அவர்களை விரட்டிவிடாதே. மரியாதையாக இரு.

உன் அசேன்

*

விதின்
12 மே

அசேன்,

மரியாதையாக இருக்கச் சொன்னாய். இருந்து பார்த்தேன். எப்படியெல்லாம் என்று கேட்டுக்கொள்.

ஒரு சனிக்கிழமை அடுப்பில் பால் இருக்கிறது என்றேன். "காத்திருக்கோம்" என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த வாரம் தலைவலி என்றேன். பச்சிலை வாங்கிவந்து கதவுப்பிடியில் தொங்கவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம், நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஆர்தடாக்ஸ், மாறுவதாக இல்லை என்றேன். "மாறச் சொல்லல சகோதரி, யோசிக்கத்தான் சொல்றோம்" என்றாள். உன் பேச்சைக் கேட்டுப் பத்து நிமிஷம் காதும் கொடுத்தேன். அந்தப் பத்து நிமிஷத்தில் மரியெத்தா ராலியை எத்தனை முறை "நம்ம ராலி" என்று சொன்னாள் தெரியுமா? ஒவ்வொரு முறையும் யாரோ என் தட்டில் கைவைத்தது போல இருந்தது. மரியெத்தாவிடம் புதினா மிட்டாய் வாசம். கடையில் புதினாக் கட்டைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறேன்.

பாதிரியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பூண்டு மணக்கக் கொட்டாவி விட்டார். "கதவுல ஒரு மாதா படம் மாட்டுங்க, ஓடிடுவாங்க" என்றார். மாட்டினேன். மரியெத்தா அந்தப் படத்துக்கு முன்னால் நின்று விக்கிரகங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். பேச்சுக்கு நானே தலைப்பு எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

கீழ்வீட்டு ஸ்லாவ்சோ அண்ணன்தான் ஒரே ஆறுதல். படகுத்துறையில் முப்பது வருஷம் கயிறு இழுத்த தொண்டை அவருக்கு. போன வாரம் அவர்களைப் படியிலேயே மறித்துவிட்டார்.

"ஏம்மா, சாவு எந்த வீட்டுலன்னு பாத்து எறங்கறது காக்கா ஒண்ணுதான்னு நெனச்சிருந்தேன்."

"உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கோம், ஐயா."

"எனக்கு ஒரே ஒரு நல்ல செய்திதான் வேணும். நீங்க வீடு மாத்திக்கிட்டு ருமேனியாவுக்குப் போயிட்டீங்கன்னு. ஆத்துக்கு அந்தப் பக்கம்தான், நானே ஏத்திவிடறேன்."

"உங்களுக்காகவும் ஜெபம் பண்றோம்."

"பண்ணு. ஆனா எம் பேரைச் சொல்லாதே. மேல எனக்குப் பாக்கி நெறைய. அந்தாளு ஞாபகம் வச்சுக்கிட்டுக் கூப்பிட்டுடப் போறாரு."

குடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியெத்தா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நான் சிரித்தேன் அசேன். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை. சிரித்ததும் ஏதோ திருடிவிட்டது போலாகி உள்ளே வந்துவிட்டேன்.

உயிர்த்தெழுந்த வாரத்தில் கல்லறைக்குப் போனபோது அங்கேயும் வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வொரு குழிமேட்டிலும் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு. இறைச்சிக் கடைக்கு வெளியே நிற்கிற நாய்களுக்குக்கூட ஒரு வெட்கம் உண்டு. எனக்கு அவர்கள்மேல் வருகிற அருவருப்பில் பாதி என்மேலும் வருகிறது. ஏன் என்னால் "போ" என்று ஒற்றை வார்த்தை சொல்ல முடியவில்லை? நன்றி, மன்னியுங்கள், சிரமப்படாதீர்கள் என்று அவர்களுக்கு முன்னால் குனிந்துகொண்டே இருக்கிறேன்.

முட்டை ஒன்று போட்டேன். சிவப்பு. ராலியின் குழிமேட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

உன் சூப் நண்பர்கள் யார் என்று நீ எழுதவேயில்லை.

நெவேனா

*

விதின்
26 மே

அசேன்,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் எழுது. பீச் மரங்களைப் பற்றி எழுதாதே.

நேற்று மரியெத்தா வந்தாள். நான் சங்கிலியை மாட்டி, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அந்த இடுக்கில் முகத்தை வைத்து, கெஞ்சுகிற குரலில் பேசினாள்.

"சகோதரி, நீங்க ஏன் உங்களையே இப்படி வருத்திக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அன்னிக்கு மத்தியானம் நீங்க ஆஸ்பத்திரில இல்ல. குழந்தைக்கு மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தீங்க."

இது எந்தத் தாளில் அச்சடித்திருக்கிறது, அசேன்?

அவள் தொடர்ந்தாள்.

"ராலி உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தாளாமே. 'அம்மா வந்துட்டாளா, அம்மா வந்துட்டாளா'ன்னு. அப்புறம் கடைசியா உங்களுக்குன்னு ஒண்ணு சொன்னாளாம். இப்படி வாசல்ல நின்னு சொல்ற விஷயமில்ல அது. கதவைத் தெறங்க. உள்ளே உக்காந்து பேசுவோம்."

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று நீ சொன்னாய். ஆஸ்பத்திரி நடையில், நான் அந்தப் பூப்போட்ட இரவு உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "கண்ணே தெறக்கல நெவேனா. ஒண்ணுமே தெரியல அவளுக்கு." அந்த அறையில் நீயும் அவளும் மட்டும்தான் இருந்தீர்கள்.

என் கை சங்கிலியில் இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என் குழந்தை கடைசியாக என்ன சொன்னாள் என்பது அந்தப் புதினா வாய்க்குள் இருந்தது. ஒரு மிட்டாயைக் கையில் மறைத்துவைத்துக்கொண்டு, கன்னத்தைக் காட்டினால் தருவேன் என்று குழந்தையிடம் சொல்வார்களே, அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்திவிட்டேன்.

யாரிடம் சொன்னாய்?

நெ.

*

நௌசா
5 ஜூன்

நெவேனா,

நான்தான் சொன்னேன்.

நவம்பரில் இங்கே வந்தபோது அறையில் ஆறு பேர். என் குழந்தை செத்தது அவர்களுக்குத் தெரியும். அதனால் யாரும் என்னோடு பேசவில்லை. உப்பை எடு, விளக்கை அணை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் ஸ்தமாத் என்று ஒருவர் பழக்கமானார். சூப் இருக்கிறது வா என்றார். ஒரு கடைக்கு மேலே அறை. அந்தச் சபைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "உம் மனசுல என்ன பாரம் தம்பி?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை, நானும் உன்னைக் கேட்டதில்லை. வாய் திறந்தேன், நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர்களும் அழுதார்கள். அன்று இரவு தூங்கினேன்.

உன் மனைவி எங்கே என்று கேட்டார்கள். தெருவும் வீட்டு எண்ணும் சொன்னேன். உனக்கும் அந்தத் தூக்கம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். உன்னிடம் போய் ஆறுதல் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். அதை எடுத்துச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் ஏன் பொய் சொன்னேன் என்றால், நீ மாற்றுத்துணி எடுக்கப் போனதற்காக அன்றைக்கே உன்னையே தின்ன ஆரம்பித்துவிட்டாய். அவள் உன்னைக் கேட்டாள் என்றும் சொன்னால் எனக்கு நீயும் மிஞ்ச மாட்டாய் என்று பயந்தேன்.

உன் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ஸ்தமாத்தை எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டேன்.

"நான் உங்ககிட்ட அழுததை விதினுக்கு யார் எழுதினது?"

"நான்தான் எழுதினேன். அதுல என்ன தப்பு?"

"அது எம் பொண்டாட்டிக்கே தெரியாத விஷயம்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "எத்தனையோ மாசமா மூடிக் கெடக்கிற கதவு, தம்பி. எதைச் சொன்னா தெறக்குமோ அதைத்தான் சொல்லணும். நாளைக்கு நீயே எங்களுக்கு நன்றி சொல்லுவே" என்றார். என் பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். முன்பு என்னோடு அழுத அதே முகங்கள். சூப்பைப் பார்த்தேன். அதன்மேல் கொழுப்பு படிந்திருந்தது. எழுந்து வந்துவிட்டேன். இனிப் போக மாட்டேன்.

மீதியை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவள் சொன்னதைக் காகிதத்தில் வைத்துப் பார்த்தால் செத்த எழுத்தாக இருக்கிறது. கிழித்துவிட்டேன். நீ சரி என்றால் நேரில் வந்து சொல்கிறேன். பீச் பறிப்பு தொடங்கிவிட்டது, போனால் வேலை போய்விடும். போகட்டும். நீ வேண்டாம் என்றாலும் எனக்குப் புரியும்.

அசேன்

*

விதின்
23 ஜூன்

அசேன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தேன். கோபத்தால் இல்லை. கோபம் வந்துவிட்டால் எழுதிவிடலாம். உன் கையெழுத்தைப் பார்த்தாலே, பிறர் கைக்குட்டையைத் தெரியாமல் தொட்டுவிட்டது போல இருந்தது. என் குழந்தையின் சாவை, நான் பார்த்திராத மனிதர்கள் சூப்போடு சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். பரிமாறியது நீ. இது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. போகும் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன்.

நேற்று மரியெத்தா வந்தாள். தனியாக. குடைக்காரி வருவதை நிறுத்திவிட்டாளாம். ஸ்லாவ்சோ அண்ணன் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிவருகிறார்.

இந்தத் தடவை நான் சங்கிலியைப் போடவில்லை. கதவை முழுசாகத் திறந்து வாசற்படியில் நின்றேன்.

"உங்க வீட்டுக்காரர் எங்களை விட்டுப் போயிட்டாராம். கேட்டு வருத்தமா இருந்துச்சு" என்றாள். "பரவாயில்ல. நீங்க என்னை உள்ள கூப்பிட வேண்டாம். இங்கயே நின்னு சொல்லிடறேன் சகோதரி. குழந்தை கடைசியா சொன்னது..."

"சொல்லாதீங்க."

"இது உங்களுக்குச் சேர வேண்டியது."

"ஆமா. அதைச் சொல்ல வேண்டிய ஆளு பஸ்ல வந்துட்டிருக்காரு. நீங்க சொல்லிக் கேக்க மாட்டேன்."

நான் குரலை உயர்த்தவில்லை. "உங்களை நான் உக்காரவச்சேன், பாகு குடுத்தேன், தண்ணி குடுத்தேன். மரியாதைக்குக் குறை வைக்கல. இப்பவும் மரியாதையாத்தான் சொல்றேன். இந்த வாசலுக்கு நீங்க இனிமே வரக் கூடாது. எம் பொண்ணு பேரை எந்த வீட்டு வாசல்லயும் சொல்லக் கூடாது. போங்க" என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும், அது எவ்வளவு சின்னச் சொல் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. சிரிப்பு போன பிறகு அது ஒரு களைத்த கிழட்டு முகம். இரண்டு படி இறங்கினாள். திரும்பி, "எனக்கும் ஒரு பையன் இருந்தான். ஆத்துல போயிட்டான். கடைசியா என்ன சொன்னான்னு எனக்குச் சொல்ல ஆளே இல்ல" என்றாள்.

உண்மையாக இருக்கலாம். அது உண்மையா, இன்னொரு கதவைத் திறக்கிற பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தாய் தன் செத்த பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள், நான் நின்று எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் செய்ததிலேயே எனக்கு மிகவும் அருவருப்பானது, என்னை இப்படி ஆக்கியதுதான். உள்ளே வந்துவிட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்துக்குப் போகவில்லை. ஆற்றுப் பக்கமாகத் தலைகுனிந்து போனாள்.

நீ வந்துகொண்டிருப்பதாக அவளிடம் சொல்லிவிட்டேன். அதனால் வா. என்னைப் பொய்க்காரி ஆக்காதே.

கூடத்தில் உனக்குத் தனியாகப் படுக்கை போட்டிருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்காதே. ஆறுதல் எதுவும் கொண்டுவராதே, தோட்டம், சிங்கம், மறுபடி பார்ப்போம், எதுவும் வேண்டாம். சமையலறையில் எனக்கு எதிரே உட்கார். அன்று நான் அந்த அறையை விட்டு வெளியே போன நிமிஷத்திலிருந்து தொடங்கு. அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், எத்தனை முறை கேட்டாள், நீ என்ன பதில் சொன்னாய், எல்லாம் எனக்கு வேண்டும். நான் அழுவேன். எழுந்து போகவும் பார்ப்பேன். நீ அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நடுவில் நிறுத்தாதே.

நெவேனா